சராசரிக்குள் மறையும் தமிழாசிரியர்

ஆசிரியர் பணி சிறப்பதும் சோர்வதும் பள்ளிச் சூழலைப் பொறுத்தவை. அச்சூழலை அமைப்பவருள் முதல்வர் தலைமையாசிரியர் என்பது கல்வியியலார் பலர்க்கும் உடன்பாடு. இதனை அளக்கக் கோலொன்று வகுத்தவர்கள் அமெரிக்க அறிஞர்களாகிய ஹால்பினும் கிராஃப்டும். 71 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அவர்கள், திறந்த சூழல் முதல் மூடிய சூழல் ஈறாக ஆறு வகை கண்டனர். 1963இல் வெளிவந்த அந்நூலில் ஆசிரியரின் ஊக்கம், நட்பு, ஒட்டாமை, வீண்சுமை ஆகியவை ஒருபுறமும், தலைவரின் விலகி நிற்றல், கெடுபிடி, முன்னின்று உழைத்தல், பரிவு ஆகியவை மறுபுறமும் எடைபோடப்படுகின்றன. அரிய பாகுபாடுதான்.

ஆயின், பிடோக் வட்டாரப் பள்ளியொன்றில் இக்கோலை வைத்துப் பார்த்தால் குறை புலப்படும். ஆசிரியர் அனைவரின் விடைகளையும் கூட்டிச் சராசரி காண்பதே அதன் முறை. 1980களில் ஹோய் முதலியோர் அதனைத் திருத்தியபோதும் இம்முறை மாறவில்லை. எழுபது ஆசிரியர் உள்ள பள்ளியில் தமிழாசிரியர் மூவர் எனக் கொள்வோம். அறுபத்தெழுவர்க்கு இளவேனிலாக உள்ள இடம் அம்மூவர்க்குக் கோடையாயின், சராசரி அதைக் காட்டுமா? தீபாவளி வாரத்தில் மட்டும் நினைவுக்கு வருவோரின் நிலையை எந்தக் கூட்டுத்தொகை சொல்லும்?

1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளிக்கு இக்கோல் ஒருவாறு பொருந்தியிருக்கும். அங்கே பயிற்றுமொழியே தமிழ். 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. தமிழ் ஒரு பாடமாக நின்றது. இன்று தமிழ் வகுப்பைக் காணவரும் தலைவர் பெரும்பாலும் தமிழறியாதவர். மாணவர் சிரிப்பதைக் காண்பார். எதற்குச் சிரித்தனர் என அறியார். ஆசிரியர் செய்யுட்பொருளைப் பிழைபட உரைத்தாலும் நயம்பட உரைத்தாலும் அவர்க்கு ஒன்றே. எனவே குறிப்பேட்டில் ஏறுவன வகுப்பொழுங்கும் குழுப்பணியும் திரையில் ஓடும் படங்களுமே. அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் விளைவு சிறிதன்று. கண்ணுக்குத் தெரிவதற்கே மதிப்பெண் எனக் கண்ட ஆசிரியர், நல்லவரேயாயினும், நாளடைவில் அதையே செய்யத் தலைப்படுவார். சொல்லின் நுட்பம் உணர்த்தும் உழைப்பு, கேட்பாரின்றிக் குன்றும்.

முன்னின்று உழைத்தல் என்பதற்கு இத்தகைய பள்ளியில் வேறு பொருள் வேண்டும். தமிழ் கற்பித்துக் காட்டத் தலைவரால் இயலாது. பல வகுப்புகளிலிருந்து வந்து கூடும் தமிழ் மாணவர்க்கு நிலையான ஓர் அறை தர இயலும். அயற்பள்ளியின் மூத்த தமிழாசிரியரை அழைத்து, வகுப்பில் தம் அருகே அமர்த்தி, அவர் கருத்தையும் கேட்டு மதிப்பிட இயலும். அதற்கு வேண்டுவது இரு பள்ளிகளின் கால அட்டவணையில் ஒரு மணி நேரமே.