‘இனவாதி’ என்னும் சொல்: தொலைக்காட்சி விவாதங்கள் பற்றி ஒரு நோக்கு

பதினோராந் தர மாணவர்க்கு விவாதப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். ‘இனத்துக்கொரு பாடசாலை வேண்டும்’ என்பது அவர்கள் தாமே தெரிந்தெடுத்த பொருள். ஓரணி மாணவன் சற்றுத் தடுமாறிய வேளையில், எதிரணித் தலைவன் எழுந்து, ‘நீ இனவாதி!’ என்ற ஒரே சொல்லால் அவனை வீழ்த்தினான். வகுப்பு முழுவதும் கரகோஷஞ் செய்தது. வீழ்ந்தவன் முகஞ் சிவக்க, ‘நீதான் இனவாதி!’ என்றான். அத்துடன் விவாதம் முடிந்தது. ‘இந்த முறையை எங்கே கற்றீர்கள்?’ என்று கேட்டேன். ‘ரீ.வியில், சேர்’ என்றார்கள்.

மாணவர் கூறியது பொய்யன்று. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தோன்றியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. தொண்ணூறுகளிலிருந்து தனியார் அலைவரிசைகள் பெருகின. இன்று மக்கள் அரசியலைக் கற்கும் இரவுப் பாடசாலையாக விவாத நிகழ்ச்சி விளங்குகிறது. அங்கே சிங்களத்தில் ‘ஜாதிவாதி’ என்றும், தமிழில் ‘இனவாதி’ என்றும் ஒருவர்மீது ஒருவர் எறியும் சொல், கேட்போர்க்கு உண்மையை விளக்குகிறதா, மறைக்கிறதா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

இப்பொருள் பற்றி இரு தவறான கருத்துக்கள் நிலவுகின்றன. ‘அச்சொல்லைச் சொல்லவே கூடாது, அது நாகரிகமன்று’ என்பது ஒன்று. அடிப்பவன் கையைப் பிடிக்காது, அடிபட்டவன் வாயைப் பொத்தும் நாகரிகம் இது. ‘சொல்லிவிட்டாற் போதும், வென்றுவிட்டோம்’ என்பது மற்றது. முன்னையது பிற்போக்காளரின் தந்திரம் என்பதை எம்மவர் அறிவர். பின்னையது எம்மவரிடையே உள்ள நோய் என்பதை அத்துணை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

2020ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி, பிரித்தானிய பி.பி.சி.யின் புகழ்பெற்ற விவாத நிகழ்ச்சியொன்றில், சசெக்ஸ் கோமகள் மேகனைப் பத்திரிகைகள் நடத்திய விதம் பற்றிப் பேச்செழுந்தது. சபையிலிருந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், அது இனவாதமே என்றார். மேடையிலிருந்த நடிகர் லோரன்ஸ் பொக்ஸ் அதை மறுத்தார். அவர் சலுகை பெற்ற வெள்ளை ஆண் என்று அவ்வம்மையார் சுட்டியதும், அவ்வாறு சொல்வதே இனவாதம் என்று திருப்பி அடித்தார். பின்னர் நடந்ததென்ன? பத்திரிகைகள் ஒரு பெண்ணை நடத்திய விதம் மறக்கப்பட்டது. பொக்ஸ் இனவாதியா, அல்லரா என்பதே நாடு தழுவிய பேச்சாயிற்று. அதே ஆண்டில் அவர் ஓர் அரசியற் கட்சி தொடங்கினார். 2021இல் லண்டன் மேயர் பதவிக்கும் போட்டியிட்டார். சாட்டப்பட்ட குற்றம், சாட்டப்பட்டவருக்கே மூலதனமாயிற்று.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? இவ்விடத்தில், ஜமேக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மார்க்ஸிய அறிஞர் ஸ்டுவர்ட் ஹோலின் ஆய்வு எமக்குக் கைகொடுக்கிறது. குடியேறியோரைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டுகிறது என்பதை 1979இல் அதே பி.பி.சி. திரையிலேயே தோன்றி அவர் கண்டித்தார். பின்னர் 1981இல் எழுதிய கட்டுரையில், இனவாதத்தை இருவகையாகப் பிரித்தார். ஒன்று வெளிப்படையானது, வெறுப்பை வெறுப்பாகவே பேசுவது. மற்றது உட்கிடையானது, எவரையும் ஏசாது, கேள்வியின் அடித்தளத்திலேயே முடிவைப் புதைத்து வைத்திருப்பது. ‘குடியேறியோர் எத்தனை பேர்? அவர்களை என்ன செய்யலாம்?’ என்று நடுவர் நயமாகக் கேட்கும்போதே, அவர்கள்தாம் பிரச்சினை என்பது முடிவாகிவிடுகிறது. அதன் பின் இரு தரப்புக்கும் சமமாக நேரம் பகிர்ந்தளிப்பதால் நீதி பிறந்துவிடாது.

இந்த அளவுகோலை எம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2020 ஏப்ரில் மாதம், கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தல் வேண்டும் என அரசு வர்த்தமானி வெளியிட்டது. அடக்கமும் தகனமும் இரண்டும் ஏற்புடையனவே என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், முஸ்லிம்களினதும் கிறிஸ்தவர்களினதும் உடல்கள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. அக்காலத்துத் தொலைக்காட்சி விவாதங்களில் ஓங்கி ஒலித்த கேள்வி, ‘அடக்கஞ் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடுமா?’ என்பது. இக்கேள்வியில் வசை இல்லை. இனப் பெயர்கூட இல்லை. விஞ்ஞானத்தின் வெள்ளை உடை தரித்து வந்த கேள்வி இது.

அங்கே அமர்த்தப்படும் முஸ்லிம் பிரதிநிதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘இது இனவாதம்’ என்று அவர் குரலெழுப்பினால், ‘நாங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம், நீங்கள் ஏன் இனத்தை இழுக்கிறீர்கள்?’ என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. இனத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவரே என்றாகிவிடுகிறது. மௌனமாக இருந்தாலோ, கேள்வி நியாயமானதென்று ஒப்புக்கொண்டவராகிறார்.

பிலிமத்தலாவைத் தேநீர்க் கடையில் நான் அடிக்கடி சந்திக்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் உண்டு. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்து, கண்டி மாவட்டம் முழுவதும் ஊரடங்கிக் கிடந்த நாட்களில், அஞ்சியிருந்த முஸ்லிம் அயலவரைத் தம் வீட்டில் இருத்திக் காத்தவர் அவர். 2020இன் இறுதியில் அதே மனிதர் என்னிடம் தாழ்ந்த குரலில், ‘அவர்களுக்கும் பாவம்தான் சேர், ஆனால் தண்ணீர் கெட்டுப்போனால் எல்லோருக்கும்தானே கேடு?’ என்றார். இவரை இனவாதி என்று நான் ஏசியிருந்தால் யாருக்கு இலாபம்? காடையருக்குக் கதவைத் திறவாத அந்த வீட்டினுள், அந்தக் கேள்வி தொலைக்காட்சி வழியாகத் தடையின்றி நுழைந்துவிட்டது. அன்று நான் அவரிடம் கேட்டது இதுதான்: ‘தண்ணீரைச் சோதித்தவர் யார்? சோதனை எங்கே?’ அவர் நெடுநேரம் பேசவில்லை. மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆயினும் சிந்திக்கத் தொடங்கினார்.

2021 பெப்ரவரியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஆனால் அக்கேள்வியை இரவிரவாக ஒளிபரப்பிய மேடைகளைக் கணக்குக் கேட்டவர் எவர்? 2019 மே மாதம், குருநாகல் மருத்துவர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று பத்திரிகையொன்று எழுத, திரைகளும் அதைப் பன்மடங்காக்கின. குற்றத்துக்குச் சான்றில்லை என்று புலனாய்வாளரே நீதிமன்றில் கூறினர். 2022இல் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை அம்மருத்துவர் மருந்து வாங்குவதற்கே அன்பளித்தார். பொய் பரவிய வேகத்தில் இச்செய்தி பரவவில்லை.

பரவாததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. தனியார் தொலைக்காட்சி விளம்பரத்தால் வாழ்வது. பார்வையாளரைத் திரட்டி விளம்பரகாரருக்கு விற்பதே அதன் வணிகம். ஆறிய உண்மையைவிடச் சூடான சண்டை அங்கே கூடிய விலை போகும். ‘இனவாதி!’ என்ற கூச்சலை அம்மேடை வெறுப்பதில்லை, எதிர்பார்த்தே இருக்கிறது. விலையுயர்வும் சம்பளமும் பேசப்பட வேண்டிய இரவில், ஏழைச் சிங்களவனும் ஏழைத் தமிழனும் ஏழை முஸ்லிமும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உறங்கச் செல்வதால் நன்மையடையும் வர்க்கம் எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மலையக மக்களாகிய நாம் இந்த நயமான இனவாதத்தை நன்கறிவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்ற பதிவேட்டுக் கேள்விகளே இருந்தன. இலட்சக்கணக்கான தொழிலாளரை நாடற்றவராக்க அவையே போதுமாயின.

அதே வேளை, சுட்டுவிரலை வெளியே மட்டும் நீட்டுதல் நேர்மையாகாது. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் தமிழ் வாய்களிலிருந்தே பிறந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தமிழ் அறிவாளர் பலர் காத்த மௌனமும் வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது. பிறரிடம் காணும்போது இனவாதமென்றும், எம்மிடம் காணும்போது இனப்பற்றென்றும் பெயர் மாற்றுவோருக்கு அச்சொல்லை எடுக்கும் உரிமையில்லை.

அவ்வாறாயின் எப்படி வாதாடுவது? 1965 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் வில்லியம் பக்லியை எதிர்த்துப் பேசினார். தொலைக்காட்சியும் அதைக் காட்டியது. அமெரிக்கக் கனவு கறுப்பரின் இழப்பில் எழுந்ததா என்பதே பொருள். எதிரியின் குணத்தைப் பற்றி அவர் காலங் கழிக்கவில்லை. பருத்தி பறித்த கை யாருடையது, இருப்புப்பாதை இட்ட உழைப்பு யாருடையது, கூலி எங்கே என்று கேட்டார். 544 வாக்குகள் அவர் பக்கம் விழுந்தன, எதிராக 164. கடுகண்ணாவை ஏற்றத்தில் புகைவண்டி ஊதும்போதெல்லாம் எனக்கு அந்த வாதம் நினைவுக்கு வரும்.

இனவாதத்தை இனவாதமென்றே சொல்லவேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஆளைச் சுட்டிச் சொல்வதோடு நில்லாது, கேள்வியைச் சுட்டிச் சொல்லவேண்டும். இக்கேள்வியைத் தெரிந்தவர் யார்? இச்சமூகத்திடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது? சான்று எங்கே? இதனால் இழப்பவர் யார், பெறுபவர் யார்? இந்நான்கையும் கேட்ட பிறகு சொல்லப்படும் ‘இனவாதம்’ என்ற சொல் வசையன்று, விமர்சனத்தின் முடிபு.

மறுவாரம் என் வகுப்பில் விவாதத்தை மீண்டும் தொடங்கினேன். இம்முறை பேசுமுன், பொருளையே ஆராயச் சொன்னேன். முன்னர் ‘நீ இனவாதி’ என்ற மாணவனே எழுந்து, ‘சேர், எங்கள் பாடசாலையிலும் சிங்களப் பிள்ளைகள் ஒருவரும் இல்லையே, இதை இப்படிப் பிரித்தது யார்?’ என்று கேட்டான். கரகோஷம் எழவில்லை. பதில் சொல்ல எனக்கே இரண்டு பாடவேளை தேவைப்பட்டது.