மேகமலை கேட் யாருக்குத் திறக்கிறது?

2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை நடமாடியதால் மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் போகத் தடை போட்டார்கள். யானை கம்பம் நகரத் தெருவுக்கே வந்தது, 144 தடை உத்தரவு போட்டார்கள், ஜூன் 5-இல் பிடித்து லாரியில் ஏற்றி முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பாதை பழையபடி திறந்தது. ஆபத்து வந்தால் மூடு, போனால் திற: இதற்குப் பெயர் வனப் பாதுகாப்பு அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமானது. வைகை பிறக்கும் மலை இது. ஆனால் மலை முழுக்கக் காடல்ல. ஆங்கிலேயர் காலத் தேயிலைத் தோட்டம், அணைகள், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் உண்டு. முழுத் தடை கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு இந்த மலையின் சுருளி அருவியில் திதி கொடுக்க வருகிறவரை டூரிஸ்ட் கணக்கில் எழுதவும் முடியாது.

கட்டுப்பாடு போட்ட அனுபவம் நமக்கு இல்லாமலும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல் பற்றியது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மலையேற்றத்துக்குப் போயிருந்தவர்களால் அதை முந்த முடியவில்லை. 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. நல்லதுதான். ஆனால் நடந்து போகிறவருக்குக் காட்டிய கண்டிப்பைக் காரில் போகிறவரிடமும் காட்ட வேண்டாமா? தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய சோலையிலும் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. வளைவில் காரை நிறுத்தி, சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் அது மரத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் அதன் உயிர் அடுத்த வண்டியின் பிரேக்கில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-இல் உயர் நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. தலைமுறையாக மலைமாடு ஓட்டிய குடும்பங்கள் அடிவாரத்திலேயே நிற்கின்றன. காட்டுக்காகத் தொழிலை விட்டவர்கள் அவர்கள்; வார விடுமுறைக்காரரிடம் நாம் கேட்பது மாலைக்குள் இறங்கிவிடுங்கள் என்பது மட்டும். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுற்றுலா இருக்கட்டும், வரம்போடு. தாங்குதிறனைக் கணக்கிட்டு வண்டி எண்ணிக்கையை நிர்ணயிக்கச் சொல்லும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 2012 முதலே இருக்கிறது. அந்த எண்ணை, மேகமலைக்கு ஏறும் வழியிலுள்ள தென்பழனி செக்போஸ்ட்டில் எல்லாரும் பார்க்க எழுதிவைக்க வேண்டும். தீக்காலத்தில் அதைக் குறைக்க வேண்டும். வசூலாகும் கட்டணத்தில் முதல் பங்கு, மேய்ச்சலை இழந்தவர்களுக்குப் போக வேண்டும்.