ராயபுரத்துத் தூண் வரிசை

சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கும் காசிமேட்டு மீன் வாடைக்கும் பக்கத்தில், ராயபுரம் ரயில் நிலையம் குரலை உயர்த்தாமல் நிற்கிறது. 1856இல் திறந்த கட்டடம். சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண். வேறு நிறம் தேவைப்படவில்லை. கொத்தனாரின் கைக்கு உருண்டைத் தூண்தான் சோதனை. சதுரத் தூணில் ஓரம் பிசகினால் மட்டப்பலகை காட்டிக்கொடுக்கும். உருண்டையில் கையையும் கண்ணையும் அதிகம் நம்ப வேண்டும். அப்படிப்பட்ட தூண்களையே இங்கே அடுத்தடுத்து, ஒன்றுக்கொன்று சளைக்காமல் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: பல தடவை பூசிய சுண்ணாம்பின் லேசான சொரசொரப்பு, வெயில் நேரத்திலும் நிழல் பக்கத்தில் ஒரு குளிர்ச்சி.

தூண்களின் இடைவெளியைத் தீர்மானித்தவர் வெயிலையும் காற்றையும் அறிந்தவராக இருக்க வேண்டும். வெளிச்சம் ஒரு பட்டை, நிழல் ஒரு பட்டை என்று தரையில் விழுகிறது. கடற்காற்று தடையில்லாமல் நுழைகிறது. உயர்ந்த கூரைக்குக் கீழே செருப்புச் சத்தம்கூடக் கொஞ்சம் தங்கித்தான் போகிறது. இது மாளிகை இல்லை, ஆடம்பரமும் இல்லை. காத்திருப்பவர்களுக்கு நிழல் வேண்டும் என்று யோசித்த கட்டடம், அவ்வளவுதான். பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகும் மின்சார வண்டியில் அடுத்த நிறுத்தமே ராயபுரம். ஒரு நாள் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை அந்தத் தூண்களோடு இருந்துவிட்டுப் போங்கள்.