ஒருத்தனைத் தாண்டிப் போக ஒருத்தன்: ஜெர்மனி கால்பந்து பற்றிச் சில குறிப்புகள்

2018 ஜூன் 27, சாயங்காலம் ஏழரை மணி. ரஷ்யாவில் கஸான் நகரத்தில் ஜெர்மனிக்கும் தென் கொரியாவுக்கும் மேட்ச். ஹாஸ்டல் டிவி ரூமில் நாற்பது பேர் இருந்திருப்போம். முக்கால்வாசிப் பேர் ஜெர்மனி பக்கம். பந்து பெரும்பாலும் ஜெர்மனி காலில்தான். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மறுபடி இடம். கொரியாக்காரர்கள் தங்கள் பாக்ஸுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். எண்பது நிமிஷம் தாண்டியபோது பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "ஏண்டா, இதுல ஒருத்தன்கூட எதிர்ல நிக்கிறவனைத் தாண்டிப் போகவே மாட்டேங்கிறானே?" இஞ்சுரி டைமில் ரெண்டு கோல். 0-2. நடப்பு உலக சாம்பியன் குரூப்பில் கடைசி இடம்.

அவன் கேட்ட கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஜெர்மனியின் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். 2000 யூரோவில் அவமானம்: ருமேனியாவோடு டிரா, இங்கிலாந்திடம் தோல்வி, ஏற்கனவே குரூப்பை ஜெயித்துவிட்டு மாற்று ஆட்களை இறக்கிய போர்ச்சுகலிடம் 0-3. மூணு மேட்ச், ஒரே ஒரு பாயிண்ட். அந்த அணியில் டிஃபன்ஸுக்குப் பின்னால் 'லிபெரோ'வாக நின்றவர் லோத்தர் மத்தேயுஸ், வயசு 39. அதுக்கப்புறம் விழிப்பு வந்தது. புண்டஸ்லிகா கிளப்புகள் எல்லாம் இளைஞர் அகாடமி வைத்தே ஆகணும் என்று விதி வந்தது. 2002ல் ஜெர்மனி கால்பந்து சங்கம் நாடு முழுக்க 366 பயிற்சி மையங்களைத் திறந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து பிரேசிலை அவர்கள் மண்ணிலேயே 7-1, மரக்கானாவில் அர்ஜென்டினாவை 1-0. நோய், மருந்து, குணம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கால்பந்து வளர்ச்சி பற்றிப் பேசுகிற கூட்டங்களில் பவர்பாயிண்டில் போட ரொம்ப வசதியான கதை. எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. காரணம், பிறந்த வருஷங்கள்.

பிலிப் லாம் 1983, ஷ்வைன்ஸ்டைகர் 1984, மிரோஸ்லாவ் குளோஸ 1978. அந்த 366 மையங்கள் திறந்தபோது லாமும் ஷ்வைன்ஸ்டைகரும் பயிற்சி மையத்துக்குப் போகிற வயசைத் தாண்டியாச்சு. ரெண்டு பேரும் பழைய பயர்ன் ம்யூனிக் இளைஞர் பிரிவில் வளர்ந்தவர்கள். குளோஸ அதுவும் இல்லை. தச்சுவேலை கற்றவர், கீழ்மட்ட லீக்குகளில் ஆடி இருபது வயசு தாண்டி மேலே வந்தவர். உலகக்கோப்பை வரலாற்றிலேயே அதிக கோல், 16, அடித்து ஓய்வு பெற்றவர் எந்த நவீன அகாடமியின் சரக்கும் கிடையாது.

மெசூட் ஓஸிலைப் பாருங்க. 1988ல் பிறந்தவர், ஊர் கெல்சன்கிர்ஷன். அவர் ஆட்டம் கற்றுக்கொண்ட இடத்துக்கு அங்கே 'குரங்குக் கூண்டு' என்று பெயர். சுற்றிக் கம்பிவேலி அடித்த, கரடுமுரடான ஒரு சின்ன மைதானம். பெரிய பசங்களோட ஆடணும், விழுந்தா தோல் உரியும், ஃபவுல் கேட்க ரெஃப்ரி இல்லை. ஜெரோம் போவாட்டெங் கதையும் கிட்டத்தட்ட இதேதான், பெர்லினில் இன்னொரு கூண்டு. இவர்கள் பதின்மூணு, பதினாலு வயசில் புதுத் திட்டத்தின் காலத்துக்குள் வந்தபோது, ஒருத்தனை எப்படி ஏமாற்றித் தாண்டுவது என்பதைத் தெருவிலேயே கற்றுமுடித்திருந்தார்கள். அகாடமி அதுமேல ஒழுங்கையும் இடம் அறிந்து நிற்பதையும் சேர்த்தது. ஆக 2014 அணி ஒரு கலப்புப் பயிர். பாராட்டு முழுக்க உரத்துக்குப் போனது, மண்ணை யாரும் கண்டுக்கலை.

அந்த இறுதிப் போட்டியிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 88வது நிமிஷம், குளோஸ வெளியே, மாரியோ கோட்ஸ உள்ளே. கோட்ஸ 1992ல் பிறந்தவர், பத்து வயசில் இருந்து புதுத் திட்டத்தின் காலம். 113வது நிமிஷம் அவர்தான் கோல் அடித்தார். எல்லாரும் இதைப் புதுத் தலைமுறை வந்துவிட்டதன் அடையாளமாகப் பார்த்தார்கள். நான் இப்போ திரும்பிப் பார்க்கும்போது வெளியே போன ஆளைத்தான் பார்க்கிறேன். அவர் இடத்துக்கு அப்புறம் ஆள் வரவே இல்லை. 2022 கத்தாரில் ஸ்பெயினுக்கு எதிராக ஜெர்மனியைக் காப்பாற்றிய கோலை அடித்தவர் நிக்லாஸ் ஃபுல்க்ரூக். 29 வயசு, அந்த மாசம்தான் முதல்முறையாக தேசிய அணிக்கு ஆடினார், அதுக்கு முந்தைய சீசன் ரெண்டாம் டிவிஷனில். ஒரு தேசமே 'நம்பர் 9' தேடித் தேடி அங்கே போய் நின்றது. இன்னொரு ஓட்டை ஜெயித்த அன்னிக்கே இருந்தது: 2014 முழுக்க லெஃப்ட் பேக்காக ஆடிய பெனெடிக்ட் ஹோவெடஸ் உண்மையில் ஒரு சென்டர் பேக்.

இதெல்லாம் தற்செயல் இல்லை, ஆட்டமுறையோடு கட்டிப்போட்ட விஷயம் என்பதுதான் என் வாதம். 1998ல் ரால்ஃப் ரங்னிக் ஒரு டிவி நிகழ்ச்சியில் போர்டில் காந்தங்களை நகர்த்தி, லிபெரோ இல்லாத நாலு பேர் டிஃபன்ஸை விளக்கியபோது 'புரொஃபசர்' என்று கிண்டல் பண்ணினார்கள். பத்து வருஷத்துக்குள் நாடே அந்தப் புரொஃபசரின் மொழியைப் பேசியது. பிரெஸ்ஸிங், பொசிஷன், இடைவெளி. தேசிய அணிக்கு அது தேவைப்பட்டது, சந்தேகமில்லை. ஆனா அந்த மொழி அப்படியே பத்து வயசுப் பையன்களின் பயிற்சிக்குள்ளும் இறங்கியது. ஒன் டச், டூ டச், பந்தை வைச்சுக்காதே, குடு. (எங்க ஸ்கூல் கோச்சும் சைடுலைனில் நின்று இதையேதான் கத்துவார். நாங்க குடுத்தோம். வாங்கினவன் திருப்பி எங்களுக்கே குடுத்தான்.) 2017லேயே முன்னாள் வீரர் மெஹ்மெட் ஷோல் வெடித்தார்: பசங்களுக்கு எல்லா ஃபார்மேஷனும் அத்துப்படி, டிரிப்ளிங் பண்ண மட்டும் யாரும் விடறதில்லை என்கிற தொனியில். அவர் மிகைப்படுத்தினார், 'லேப்டாப் கோச்'களைத் திட்டியதும் நியாயமில்லை. ஆனா புலம்பலின் நடுவில் உண்மை இருந்தது.

அதுக்கு ஆறே மாசத்தில் யோவாக்கிம் லோவ் உலகக்கோப்பைக்கு ஆள் எடுத்தார். லெராய் சானேவை விட்டுவிட்டார். அந்த சீசன் மான்செஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் ஜெயித்தவர், இங்கிலாந்தில் அந்த வருஷத்தின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கியவர். தேசிய அணிச் சட்டையில் அவர் சோபிக்கலை என்பது உண்மைதான். ஆனா கஸானில் நண்பன் கேட்ட அந்த 'ஒருத்தனைத் தாண்டிப் போகிறவன்' வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பந்தை எப்போதும் கையில் வைத்திருக்க நினைக்கிற அணிக்கு எதிரி எப்போதும் பின்னால் போய்க் குவிந்துதான் நிற்பான். அப்போ பாஸ் மட்டும் போதாது. நெரிசலில் ஒருத்தனைத் தாண்டினால்தான் அவன் இடத்தை மூட இன்னொருத்தன் நகருவான், அப்பத்தான் பாஸுக்கு வழி திறக்கும். பொசெஷன் ஆட்டத்துக்குத்தான் டிரிப்ளர் அதிகமாகத் தேவை. ஜெர்மனி ஆட்டமுறையை எடுத்துக்கொண்டு அதற்கு வேண்டிய ஆளை வளர்க்காமல் விட்டது.

ஸ்பெயினுக்கும் இதே வியாதி வந்தது. 2022ல் மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கு மேல் பாஸ், ஒரு கோல் இல்லை, பெனால்டியில் வெளியே. ரெண்டு வருஷத்தில் அதே அணி இரண்டு ஓரத்திலும் லாமின் யமால், நிக்கோ வில்லியம்ஸ் என்று ரெண்டு பேரை நிறுத்தியது. ஷ்டுட்கார்ட்டில் ஜெர்மனியை அதன் வீட்டிலேயே 2-1 வீழ்த்தி, அப்புறம் யூரோவும் எடுத்தது. தோற்ற ஜெர்மனியிடம் அப்போ தாண்டிப் போகிறவர்கள் இருந்தார்கள்தான்: ஜமால் முசியாலா, ஃப்ளோரியன் விர்ட்ஸ். ஆனா முசியாலா ஏழு வயசில் இருந்து பதினாறு வரை வளர்ந்தது இங்கிலாந்தில், செல்சி அகாடமியில். விர்ட்ஸ் என் வாதத்துக்கு இடிக்கிறார், அதையும் சொல்லிடறேன். அவர் சின்ன வயசிலேயே கோல்ன் கிளப்பில் சேர்ந்து முழுக்க ஜெர்மனி அமைப்புக்குள் வந்தவர். ஆக அமைப்பு அப்படிப்பட்டவனைக் கொன்றே தீரும் என்று சொல்ல முடியாது. தப்பித்து வருகிறவன் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

இப்போ அவர்கள் என்ன செய்கிறார்கள்? 2024-25 சீசனில் இருந்து சின்னப் பசங்க ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஏழு வயசுக்குக் கீழே ரெண்டுக்கு ரெண்டு, இல்லை மூணுக்கு மூணு. கோல்கீப்பர் இல்லாமல் நாலு சின்ன கோல்போஸ்ட். பாயிண்ட் டேபிள் கிடையாது. ஜெயிச்சா அடுத்த ஃபீல்டுக்கு மேலே, தோத்தா ஒரு ஃபீல்டு கீழே. பெஞ்சில் உட்கார்ந்தே மதியம் முடிகிற குழந்தை இருக்கக் கூடாது என்பது அடிப்படை. இதன் மூலவடிவமான 'ஃபுனினோ'வை உருவாக்கிய ஹார்ஸ்ட் வைன் ஒரு ஹாக்கி கோச் என்பது எனக்குப் பிடித்த தகவல். பழைய ஏழுக்கு ஏழில் வேகமான, உடம்பு வளர்ந்த, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த ரெண்டு பேர் பந்தைத் தொடுவார்கள். மத்தவங்க நின்று பார்ப்பார்கள். ஒரு குழந்தை ஆட்டத்தை விட்டு விலக அதைவிட வேற காரணம் வேணுமா?

டோர்ட்முண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த ஹான்ஸ்-யோவாக்கிம் வாட்ஸ்கே இதைக் கேலி செய்தார். தோல்வி என்றால் என்னன்னே தெரியாமல் வளரும் என்பது அவர் பயம். இது தவறான பயம். ஒரு மதியத்தில் ஏழெட்டு குட்டி மேட்ச் ஆடுகிற குழந்தை பழைய முறையைவிட அதிகமாகத்தான் தோற்கும்.

என் சந்தேகம் வேற இடத்தில். டிரிப்ளிங் செய்கிற பையன் ஏழு வயசில் சாவதில்லை. பதினாலு, பதினைஞ்சில் சாகிறான். பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி கவுண்டர் வரும், மேட்ச் போகும், டிவிஷன் இறங்கும். கோச்சுக்கு வேலை போகும். அந்தப் பயத்தில்தான் 'குடு' என்ற சத்தம் பிறக்கிறது. அதனால் அதே சீசனில் அதிகம் சத்தமில்லாமல் வந்த இன்னொரு மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: 17 வயசுக்குட்பட்ட, 19 வயசுக்குட்பட்ட பழைய லீக்குகளைக் கலைத்து, அகாடமி அணிகளுக்குக் கீழிறக்கமே இல்லாத புது லீக்.

"2023ல் ஜெர்மனி 17 வயசுக்குட்பட்டோர் யூரோ, உலகக்கோப்பை ரெண்டும் ஜெயிச்சதே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்கலாம். ரெண்டு ஃபைனலிலும் எதிரணி பிரான்ஸ், ரெண்டுமே பெனால்டியில் முடிந்தவை. பதினேழு வயசுக் கோப்பையை வைத்து ஒரு நாட்டின் வளர்ப்பு முறையை அளக்க முடிந்தால், இருபத்தோரு வயசுக்குட்பட்டோர் யூரோவை 2017லும் 2021லும் ஜெயித்த ஜெர்மனி 2018, 2022 ரெண்டிலும் குரூப்பிலேயே வெளியே போயிருக்கக் கூடாது.

கணக்கு இன்னொண்ணும் இருக்கு. 2024ல் ஆறு வயசில் நாலு கோல்போஸ்ட் மைதானத்தில் இறங்கிய குழந்தைக்கு 2040ல் 22 வயசு. அதுவரைக்கும் நடக்கிற எந்த உலகக்கோப்பையையும் இந்த மாற்றத்தின் கணக்கில், வரவாகவோ செலவாகவோ எழுத வேண்டாம். நான் பார்க்கப்போவது அந்தப் புது இளைஞர் லீக் மேட்சுகளை. ஒரு விங்கர் மூணு தடவை பந்தை இழக்கிறான். நாலாவது தடவையும் பந்து அவன்கிட்டயே வருகிறதா, இல்லை சைடுலைனில் மாற்று ஆட்டக்காரன் நம்பர் போர்டு தூக்குறாங்களா?