பகைவனின் பெயர்

திருச்செந்தூர்க் கடற்கரையில் தீபாவளியை அடுத்து வரும் வளர்பிறைச் சஷ்டியன்று நிகழும் சூரசம்ஹாரத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொள்வோர் அரியர். பக்தர்களுக்கு அது வழிபாடு. நாளேடுகளுக்கு அது கூட்டத்தின் கணக்கு. பக்கத்துக் காயல்பட்டினத்து மக்களுக்கோ, பேருந்தில் இடம் கிடைக்காத ஒரு நாள்! ஆனால் அந்தக் கரையில் நாடகமும் ஒன்று நடக்கிறது. இலட்சக்கணக்கானோர் நின்றுகொண்டே பார்க்கும் நாடகம். அதில் வில்லனுக்கும் அவனோடு நடக்கும் இறுதிப் போருக்கும் மக்கள் எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றனர் என்பதை இலக்கிய நோக்கில் ஆராய்ந்தால், நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இன்று நடந்துகொண்டிருக்கும் போர்களைப் பற்றியும் சில செய்திகள் தெளிவாகும்.

பிள்ளைகள் ஆடும் சுடுதல் விளையாட்டுகளில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரும் பகைவன் நிற்பான். அவனை அவர்கள் 'பாஸ்' என்கின்றனர். சிறு பகைவர்களை எல்லாம் வீழ்த்திய பின்னரே அவன் எதிர்ப்படுவான். ஒருமுறை வீழ்ந்தால் வேறொரு வடிவில் எழுவான். மூன்றாம் நான்காம் வடிவில்தான் முற்றும் மடிவான். இது கணிப்பொறி யுகத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் திருச்செந்தூருக்கு ஒருமுறை சென்று வரலாம். ஆட்டுக்கிடா வாகனத்தில் செயந்திநாதர் கரைக்கு எழுந்தருள, யானை முகத்துடன் தாரகாசூரன் எதிரே வருகிறான். வேல் பாய்ந்ததும் தலை அகற்றப்படுகிறது. அடுத்துச் சிங்கமுகன். அதன் பின் தன் முகத்தோடு சூரபத்மன். அவனும் வீழ்ந்த பிறகு மாமரமும் சேவலும். நான்கு கட்டங்கள், நான்கு முகங்கள்!

இவ்வளவு தெரிந்த கதையைக் காண இத்தனை பேர் ஏன் வருகின்றனர்? முடிவைப் பற்றிய ஐயம் அங்கே எவருக்கும் இல்லை. கூட்டத்தின் பார்வையைக் கவனித்தால் விடை கிடைக்கும். சூரனின் உருவம் மணலில் சுற்றி வருகையில், தந்தையர் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவது சூரனைத்தான். அவன் தலை ஆடுவதையும், திரும்புவதையும், பின்வாங்கி மீண்டும் பாய்வதையும் கண்டு கூட்டம் ஆரவாரிக்கிறது. அந்த ஆரவாரத்தில் வெறுப்பைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆறு நாள் விரதம் இருந்து உடல் இளைத்தவர் பலர் அக்கூட்டத்தில் உண்டு. போர் முடிந்ததும் கடலில் நீராடி விரதத்தை நிறைவு செய்யும் அவர்களுக்குச் சூரன் வெறும் பொம்மையாக இருக்க இயலாது. 2020ஆம் ஆண்டில், தொற்றுநோய் காரணமாக மக்களுக்கு அனுமதியின்றி அதே போர் அதே கரையில் நடந்தது. சடங்கில் குறைவில்லை, நாடகத்தில் பாதி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சூரனுக்கு இந்தப் பெருமை கரையில் மட்டும் கிடைத்ததன்று. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களால் கந்தபுராணம் பாடியபோது, ஆறு காண்டங்களில் ஒன்றை அசுர காண்டம் என்றே அமைத்தார். வில்லனின் பிறப்பும் தவமும் வரமும் ஆட்சியும் அங்கே விரிகின்றன. பின்னர் வீரவாகு தூது செல்கிறார். சிங்கமுகன் தன் தமையனுக்கு அறிவுரை கூறுகிறான்; சிறையிலுள்ள தேவர்களை விடுவிக்குமாறு மன்றாடுகிறான்; ஏற்கப்படாத நிலையிலும் அத்தமையனுக்காகவே போர்க்களம் புகுந்து மடிகிறான். சூரனும் இறுதிக் கட்டத்தில் எதிர்நிற்பவனின் பேருருவைக் கண்டு ஒரு கணம் மெய்ம்மறந்து நின்று, மறுகணமே பழைய செருக்குக்குத் திரும்புகிறான். அந்த ஒரு கணம் இல்லாவிடில் அவன் பிளக்கப்பட வேண்டிய ஒரு மரம் மட்டுமே. பிளந்த பின்னரும் அவன் குப்பைக்குப் போவதில்லை. ஒரு பாதி மயிலாய் ஊர்தியாகிறது; மறு பாதி சேவலாய்க் கொடியில் ஏறுகிறது.

பகைவன் கூற்றுக்கு இடம் கொடுப்பதும், அவன் மாறுவதற்கு வழி விடுவதும் நம் முன்னோரின் தமிழுக்கும் புதியன அல்ல. எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவர் 5027 பாடல்களில் பாடிய சீறாப்புராணத்தை நோக்குவோம். அபூஜஹில் அங்கே வாயடைத்து நிற்கும் பொம்மையல்லன். சூழ்ச்சி செய்கிறான், வாதிடுகிறான், ஹபீபு அரசனுக்கு மடல் விடுக்கிறான். அம்மடலைக் கண்டு விசாரிக்க வந்த அரசனோ மனம் மாறித் திரும்புகிறார். வாளேந்திக் கொல்லப் புறப்பட்ட உமறு கத்தாபு (ரலி) ஈமான் கொண்டது ஒரு தனிப் படலமாகவே விரிகிறது. வரலாற்றில் மேலும் சென்றால், உஹதுப் போரில் முஸ்லிம்களுக்குப் பேரிடர் விளைவித்த குதிரைப்படைத் தலைவர் காலித் இப்னு வலீத் (ரலி) பின்னாளில் அல்லாஹ்வின் வாள் எனப் பெயர் பெற்றார். அபூஜஹிலின் மகன் இக்ரிமாவும் (ரலி) மக்கா வெற்றிக்குப் பின் இஸ்லாத்தில் சேர்ந்தார். போரின் முடிவில் பகைவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று கேட்கும் பழக்கம் நம் கதை கேட்கும் மரபிலேயே ஊறியது.

படைப்போர் இலக்கியம் இதற்கு மேலும் வலுவான சான்று. வரிசை முகியித்தீன் புலவர் 1686இல் பாடிய சக்கூன் படைப்போரை இன்று எத்தனை வீடுகளில் அறிவார்கள்? சக்கூன், நபித்தோழர்களை எதிர்த்து நின்ற மன்னன். நூலின் பெயர் வென்றவர் பெயரால் அமையவில்லை. எதிர்த்தவன் பெயரால் அமைந்தது. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரில் வரும் இந்திராயன் படைப்போரும் அவ்வகையினதே. சூரசம்ஹாரமும் பெயரால் சூரனுடையதுதானே! பகைவன் பெயரை நெற்றியில் ஏந்திய காப்பியத்தைப் பாடுவதற்குப் புலவன் அந்தப் பகைவனை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். இந்நூல்களில் வரலாற்றுக்கு ஒவ்வாத கற்பனைகள் மலிந்துள்ளன என்று மார்க்க அறிஞர்கள் குறை கூறுவதுண்டு. அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் கதை சொல்லும் அறத்தில் இவை குறைபட்டன என்று சொல்வதற்கில்லை.

இனிச் சுடுதல் விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யும் 1993இல் வெளியிட்ட 'டூம்' என்பதும் இவ்வகைக்கு வழிவகுத்தவை. ஆடுபவன் கண்ணே வீரனின் கண். திரையில் தெரிவது துப்பாக்கியும் கையும். முன்னதில் இயந்திரக் கவசம் பூண்ட ஹிட்லரே ஒரு பெரும் பகைவன். யாரைச் சுடுகிறோம் என்ற கேள்விக்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. 1994இல் வந்த இரண்டாம் 'டூம்' ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இறுதிப் பகைவனாகச் சுவரில் ஒரு பெரும் பேய் முகம். அம்முகத்துக்குப் பின்னே, கம்பில் குத்தி வைத்த ஒரு மனிதத் தலை ஒளிந்திருக்கிறது. அது ஆட்டத்தை ஆக்கியோரில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலை! தம்மைக் கொன்றால்தான் வெற்றி என்று அவர் சொல்வது பின்னோக்கி ஒலிக்கிறது. ஆக்கியவனே தன் தலையைப் பகைவனுக்கு ஈந்த இந்தக் குறும்பை ஆட்டக்காரர்கள் இன்றும் மகிழ்ந்து பேசுகின்றனர்.

ஆட்டக்காரர்கள் எந்தப் பகைவனைப் போற்றுகின்றனர், எவனைப் பழிக்கின்றனர் என்பதே இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி. 2007இல் வெளிவந்த 'பயோஷாக்' நல்ல சான்று. ஆண்ட்ரூ ரயன் என்னும் செருக்குமிக்க செல்வன் கடலடியில் ஒரு நகரை எழுப்புகிறான். (சூரபத்மனின் வீரமகேந்திரபுரமும் கடல் நடுவே எழுந்ததுதான்!) அவனைத் தேடிச் செல்லும் வீரன் கடைசியில் அவன் அறையை அடைகையில், ரயன் போரிட மறுக்கிறான். நீ உன் விருப்பத்தால் வந்தவனல்லன், ஒருவனின் சொல்லுக்கு ஆடும் பாவை என்று வீரனிடமே மெய்ப்பித்துக் காட்டிவிட்டு, தன்னைக் கொல்லுமாறு அவனுக்கே ஆணையிடுகிறான். அந்தக் கட்டத்தில் ஆடுபவனின் விரல்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. அந்தக் காட்சி ஆட்டக்காரர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதே ஆட்டத்தின் உண்மையான இறுதிப் பகைவனோ, தசை புடைத்த சிலை போன்ற ஒரு பூதம். சுடச் சுடத் தாங்குவதே அவன் திறமை. அப்போரை அவர்கள் சலிப்போடு குறைகூறினர். இத்தகைய பகைவர்களைத் தோட்டாவை உறிஞ்சும் பஞ்சு என்றே அவர்கள் ஏளனம் செய்வதுண்டு. 2012இல் வந்த மூன்றாம் 'ஃபார் க்ரை'யிலும் இதே கதை. அட்டைப்படத்தில் அமர்ந்திருக்கும் வாஸ் என்னும் கொடியவன் பேசிப் பேசியே அனைவரையும் கவர்ந்துவிட்டான். பாதியில் அவன் மடிந்ததும், எஞ்சிய பாதி வெறுமையாகிவிட்டது என்பது பலரின் புலம்பல்.

இவ்விளைஞர்களின் சுவையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்காகவே இவற்றை எடுத்துக்காட்டினேன். திருச்செந்தூர்க் கூட்டம் கேட்பதையும் படைப்போர் கேட்ட நம் பாட்டிமார் கேட்டதையும்தான் அவர்களும் கேட்கின்றனர். பகைவனுக்குச் சொல் வேண்டும், முகம் வேண்டும். பலம் மட்டும் போதாது.

ஆனால் எல்லா ஆட்டங்களும் இதைத் தருவதில்லை. இங்கேதான் நம் குடும்பங்களுக்குக் கவலை தொடங்க வேண்டும். 2007இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி' வரிசையின் 'மாடர்ன் வார்ஃபேர்' உலகெங்கும் விற்பனையில் கொடிகட்டிப் பறந்த ஆட்டம். அதன் ஒரு பாதி மத்தியக் கிழக்கின் ஒரு நாட்டில் நடக்கிறது. அந்த நாட்டுக்குப் பெயர் இல்லை! ஊர்ச் சுவர்கள் உண்டு, அரபு எழுத்துகள் உண்டு, மாடிகளிலிருந்து சுடும் ஆள்கள் உண்டு. நாட்டுக்குப் பெயரில்லை, ஆள்களுக்குக் கதையில்லை. அந்நாட்டைக் கைப்பற்றும் தலைவனுக்கு ஒரு பெயர் சூட்டியுள்ளனர்: காலித் அல் அசத். தொடக்கத்தில் அவனுக்கு ஒரு சொற்பொழிவும் உண்டு. ஆயினும் இறுதிப் பகைவன் என்ற மதிப்புக்கூட அவனுக்குக் கிட்டவில்லை. கதையின் இடையிலேயே நாற்காலியில் கட்டப்பட்டு அடிபட்டு, கேள்விக்கு விடை கிடைத்ததும் சுடப்படுகிறான். அவனை ஆட்டுவித்தவன் ஒரு ருஷ்யன் என்று தெரியவருகிறது. கடைசிப் போர் அந்த ருஷ்யனோடுதான். காலித் என்று பெயரிடப்பட்ட நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இதை ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உஹதின் காலித் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அவனுக்கு எவரும் சொல்லாதிருந்தால், அப்பெயரோடு அவன் நினைவில் நிற்கப் போவது அந்த நாற்காலிதான்.

ஆக்கியோர் வேண்டுமென்றே பழித்தனர் என்று நான் வழக்காடவில்லை. பகைவனைப் பற்றி அறிந்துகொள்ளும் முயற்சியே இல்லாமல் பகைவனைப் படைப்பது பழிப்பைவிட எளிய வேலை; அதனாலேயே பரவலாகவும் நடக்கிறது. இதே வரிசையில் 2009இல் வந்த ஆட்டத்தில், ஒரு குளியலறைச் சுவரில் இறைவனின் அழகைப் பற்றிய நபிமொழி எழுதிய படச்சட்டம் தொங்கவிடப்பட்டிருந்தது. 2012 அக்டோபரில் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சுட்டிக்காட்டிய பின்னரே நிறுவனம் அப்பகுதியை விலக்கித் திருத்தியது. எழுத்து அழகாயிருக்கிறது என்று மாட்டியிருப்பர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

நாம் மட்டும் கேட்டோமா? 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படத்துக்கு நம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசும் இரு வார காலம் திரையிடத் தடை விதித்தது. அத்தடையின் நன்மை தீமையை இங்கே விவாதிக்க இடமில்லை. அரங்கின் வில்லனுக்காகக் கொதித்த அதே சமுதாயம், கைக்குள் இருக்கும் வில்லனைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருந்தது என்பதே எனக்கு வியப்பு. நம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: எத்தனை மணி நேரம் ஆடினாய்? யாரைச் சுட்டாய், அவன் என்ன சொன்னான் என்று கேட்பவரைக் காணோம்.

2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்த 'பப்ஜி' இன்னொரு வகை. நூறு பேர் வான்குடையில் ஒரு தீவில் குதிக்கின்றனர். கடைசியில் உயிரோடு நிற்பவர் வென்றவர். அங்கே வில்லனே இல்லை. எதிர்ப்படுவோர் அனைவரும் வில்லன்கள். கதைக்கு அங்கே வேலையில்லாததால் திறனாய்வாளனுக்கும் அதிக வேலையில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அந்த ஆட்டத்தின் சுவையை, எதிரே நிற்பவனோடு காதில் குரல் கேட்கப் பேசிச் சிரித்துக்கொண்டே ஆடும் நண்பர்கள்தாம் தருகின்றனர். விளையாட்டு தராத முகத்தைப் பிள்ளைகள் தாமே கொண்டு வந்து சேர்த்துவிடுகின்றனர்.

திருச்செந்தூரில் போர் முடிந்த இரவு ஒரு சடங்கு நடைபெறும். அதற்குச் சாயாபிஷேகம் என்று பெயர். வென்று திரும்பிய செயந்திநாதருக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் உருவுக்கு அபிஷேகம் செய்வார்கள். ஆகம விளக்கம் எதுவாயினும், நாடகமாக நோக்குங்கால் கடற்கரையில் சூரனின் நான்கு முகங்களையே கண்டுவந்த கூட்டத்துக்கு வென்றவரின் முகம் தனியே காட்டப்படுவது அப்போதுதான். சுடுதல் விளையாட்டில் இறுதிப் பகைவன் வீழ்ந்ததும் திரை இருண்டு, ஆக்கியோர் பெயர்கள் மேலேறத் தொடங்குகின்றன. அந்த இருண்ட கண்ணாடியில் சில நொடிகள் ஆடியவனின் முகம் தெரியும்.