டப்பாவில் சேர்ந்த எண்ணெய் எதை நிரூபிக்கிறது?

டர்போ கார் வைத்திருப்பவர்கள் செய்துகொள்ளும் மாற்றங்களில் மலிவானதும் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் கேட்ச் கேன். கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் வாயுவை ஒரு சிறிய அலுமினிய டப்பாவுக்குள் செலுத்தி, அதில் கலந்துள்ள எண்ணெயை அங்கேயே தங்கவைப்பதுதான் இதன் வேலை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு டப்பாவைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு இருக்கும். ‘இது இல்லாவிட்டால் இவ்வளவும் என்ஜினுக்குள் போயிருக்கும்’ என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். வேறு சோதனை எதுவும் இல்லாமல் இந்தக் குழம்பு ஒன்றையே சாட்சியாக வைத்து ஏராளமான டப்பாக்கள் விற்றுப்போகின்றன. டப்பாவுக்குள் என்ன சேர்ந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை. அதைக் கடந்து போனது என்ன, அதைப் பொருத்தியதால் கிராங்க்கேஸின் அழுத்தம் என்ன ஆனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் குழம்பிடம் பதில் கிடையாது.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும் சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே கசியும். ப்ளோ-பை என்று சொல்லப்படும் இந்தக் கசிவில் நீராவி, எரியாத பெட்ரோல், அமில வாயுக்கள் எல்லாம் உண்டு. பழைய கார்களில் இதை ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் புகைமூட்டம்தான் பிசிவி எனப்படும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வைக் கொண்டுவந்தது. அதன் மூலம் கசியும் வாயு மறுபடியும் இன்டேக் வழியாக உறிஞ்சப்பட்டு எரிக்கப்பட்டது. காற்று மாசைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு என்ஜின் எண்ணெயையும் காப்பாற்றியது, ஈரமும் அமிலமும் எண்ணெயில் ஊறாமல் இழுத்துச் செல்லப்பட்டதால். ஆக, காற்றோட்டமே இந்த அமைப்பின் முதல் கடமை. எண்ணெயைப் பிரிப்பது இரண்டாவது. இரண்டாவதைச் சீர்செய்யப் போய் முதலாவதைக் கெடுக்கும் மாற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

டர்போ வந்தால் கதை சிக்கலாகிறது. சாதாரண ஓட்டத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்கும். பூஸ்ட் ஏறியதும் அதே இடத்தில் அழுத்தம் வந்துவிடும். அப்போது ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, வாயு வேறு பாதையில் கம்ப்ரஸருக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போகிறது. அதில் வரும் எண்ணெய்த் துளிகள் கம்ப்ரஸரையும் இன்டர்கூலரையும் நனைத்து, எரியும் கலவையின் நாக்கிங் தாங்கும் திறனைக் குறைக்கின்றன. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி ஊசி என்ஜினாக இருந்தால் இன்னொரு தொல்லை: பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் படுவதே இல்லை என்பதால் அங்கே ஒட்டும் எண்ணெய் கழுவப்படாமல் கரியாகிறது. அதைச் சுரண்டத்தான் வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். கேட்ச் கேன்காரர்களின் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

மறுக்க வேண்டியது தீர்வின் அளவைத்தான். முதலில், அந்தக் குழம்பு முழுக்க எண்ணெய் அல்ல. டப்பாவை என்ஜினிலிருந்து தள்ளி, காற்றுப்படும் இடத்தில் வைப்பதால் நீராவியும் பெட்ரோல் ஆவியும் அங்கே குளிர்ந்து திரவமாகின்றன. வாயுவாகவே போயிருந்தால் பெட்ரோல் ஆவி எரிந்திருக்கும், நீராவி தீங்கின்றி வெளியேறியிருக்கும். டப்பா சீக்கிரம் நிறைவது என்ஜின் காப்பாற்றப்பட்டதற்கு அடையாளம் என்பதைவிட, பெரும்பாலும் குளிர்காலத்துக்கும் குறுகிய தூர ஓட்டத்துக்குமே அடையாளம். கார் நிறுவனங்கள் எண்ணெய்ப் பிரிப்பானை வால்வு கவருக்குள்ளேயே சூடாக வைப்பதற்கும் இதுதான் காரணம்: நீர் ஆவியாகவே வெளியேற வேண்டும், எண்ணெய் மட்டும் என்ஜினின் அடியிலுள்ள சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். அடுத்தது துளியின் அளவு. பெரிய துளிகளைத் தடுப்புத் தகடு பிடித்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய மூடுபனி தகட்டைச் சுற்றி வளைந்து வாயுவோடு தப்பிவிடும். அதைப் பிடிக்க நார் வடிகட்டி வேண்டும். ஆஸ்திரேலியாவில் டீசல் நான்கு சக்கர வண்டிகளில் மான்+ஹும்மல் நிறுவனத்தின் ‘ப்ரோவென்ட்’ அதிகம் பயன்படுவதற்குக் காரணம் அதில் அத்தகைய வடிகட்டி இருப்பது. அடைத்துக்கொண்டால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதில் உண்டு. உள்ளே எதுவும் இல்லாத மலிவு டப்பாவை இதனுடன் ஒரே பெயரில் அழைப்பது அநியாயம்.

பெரிய ஆபத்து அழுத்தத்தில் இருக்கிறது. வால்வோவின் ஐந்து சிலிண்டர் டர்போ என்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள எண்ணெய்ப் பிரிப்புப் பெட்டி அடைத்துக்கொண்டால், கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறிப் பின்பக்க ஆயில் சீல் ஒழுகும். எண்ணெய் ஊற்றும் வாயில் ரப்பர் கையுறையைக் கட்டி, அது உப்புகிறதா என்று பார்ப்பது அந்தக் கார்களுக்கான மெக்கானிக்குகளின் எளிய சோதனை. ஃபோக்ஸ்வாகன் ஈஏ888 என்ஜினில் நேர்மாறு: பிசிவியின் சவ்வு கிழிந்தால் உறிஞ்சல் எல்லை மீறி, அதே பின்பக்க சீல் கெடுகிறது. அழுத்தம் ஏறினாலும் கேடு, உறிஞ்சல் மிகுந்தாலும் கேடு; இடைவெளி அவ்வளவு குறுகியது. டர்போவின் எண்ணெயோ புவியீர்ப்பை மட்டுமே நம்பிச் சம்ப்புக்கு இறங்குகிறது. கேட்ச் கேனின் குழாய் ஒல்லியாகவோ மடிந்தோ இருந்து கிராங்க்கேஸ் அழுத்தம் உயர்ந்தால், அந்த எண்ணெய் இறங்க வழியின்றி டர்போவின் சீலைத் தாண்டிக் கம்ப்ரஸருக்குள் கசியும். எந்த எண்ணெயைத் தடுக்க டப்பா வந்ததோ அதே எண்ணெய் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. இப்படிப் பழி சுமந்து கழற்றப்படும் நல்ல டர்போக்களும் உண்டு.

‘நிறுவனங்கள் செலவைப் பார்த்துத்தானே பிளாஸ்டிக் பிரிப்பானோடு நிறுத்திக்கொள்கின்றன?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் தலைமுறை சாப் 9-5-இன் எண்ணெய்க் கசடுப் பிரச்சினைக்குப் பிறகு அந்த நிறுவனமே காற்றோட்ட அமைப்பைத் திருத்த வேண்டிவந்தது. தொழிற்சாலை வடிவமைப்பு வேதவாக்கு அல்ல. ஆனால் அந்தத் திருத்தம் குழாய்களையும் வால்வுகளையும் மாற்றிக் காற்றோட்டத்தைச் சீராக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். வால்வுக் கரிக்கும் தீர்வு வேறு திசையில் வந்தது: டொயோட்டாவின் டி-4எஸ், 2017 மாடல் ஆண்டில் வந்த புதிய ஃபோர்டு 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் ஆகியவை இன்டேக் போர்ட்டிலும் பெட்ரோலைத் தெளிக்கின்றன. வால்வு ஸ்டெம் சீல் வழியாக இறங்கும் எண்ணெயையும் வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தில் திரும்பி வரும் புகையையும் எந்த டப்பாவும் தடுக்காது. குறைந்த வேகத்தில் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் முன்னெரிப்புக்கும் முக்கியக் காரணமாகக் கருதப்படுவது சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்தான். அதைத் தடுக்கத்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் ப்ளஸ் என்ற எண்ணெய்த் தரம் வந்தது.

ஆகவே வரிசை முக்கியம். சவ்வு, ஒருவழி வால்வு, வெடித்த ரப்பர் குழாய் ஆகியவற்றை மாற்றுவது முதல் வேலை. ஆவியாதல் குறைந்த எண்ணெய் அடுத்தது: 250 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து அளக்கும் நோயாக் சோதனையில் ஏசிஇஏ சி3 தரம் 13 சதவீத இழப்பைத்தான் அனுமதிக்கிறது. ரிங் தேய்ந்த என்ஜினில் டப்பா நோயை மறைக்கும், அவ்வளவே. பந்தயத் தடத்தில் நீண்ட நேரம் பூஸ்டில் ஓடும் காருக்கும், கூடுதல் சக்திக்காக ட்யூன் செய்த காருக்கும் நல்ல கேட்ச் கேன் தகும். அதுவும் உறிஞ்சல், பூஸ்ட் ஆகிய இரண்டு நிலைகளின் பாதைகளிலும், அகலக் குழாயோடு, வாயு மறுபடி இன்டேக்குக்கே போகும்படி. திறந்த காற்றில் விட்டால் உறிஞ்சலும் போய்விடும், நாற்றமும் மாசும் மிஞ்சும். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு இது அநேகமாகத் தேவையற்ற செலவு. எப்படியும் வாங்குவதென்று முடிவுசெய்தவர்கள், பொருத்துவதற்கு முன்னும் பின்னும், ஐடிலிலும் பூஸ்டிலும் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்து தரச் சொல்லுங்கள். அளக்கத் தெரியாத இடத்தில் அதைப் பொருத்தாதீர்கள்.