ஒலி விளையாட்டும் களனும்

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. யார் கூறுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்து நிகழ்கிறது என்னும் வினாக்களை எழுப்பாமல் எச்செய்யுளையும் நாம் பயில்வதில்லை. காட்சியின் துணை சிறிதும் இன்றிச் சொல்லாலும் ஓசையாலும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்போர் உள்ளத்தில் நிறுத்தும் கலை எதுவாயினும் அதற்கும் இவ்வினாக்கள் பொருந்தும். பார்வையற்றோர் ஆடுதற்கென அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டுவரும் ஒலி விளையாட்டுகள் அத்தகைய கலையே என்பது எம் கருத்து. பொறியியலார் ஆராயத்தக்க பொருள் இஃது என ஒதுக்கிவிடுதல் முறையாகாது. தமிழ்த்துறைகளில் பார்வையற்ற மாணவர் பலர் பயில்கின்றனர். செவியால் கற்கும் அவர்களுடன் நாள்தோறும் பழகும் நமக்கு இவ்வாராய்ச்சியில் உரிமையும் உண்டு.

இவ்விளையாட்டுகளில் கூற்றும் கேட்போரும் பெரிதும் இடர் செய்வதில்லை. குரல் வேறுபாட்டால் அவை விளங்கிவிடும். களனே இடர் தருவது. கண் ஓர் அறையை ஒரே நோக்கில் கவர்ந்துகொள்ளும். கதவும் சாளரமும் மேசையும் ஒருங்கே தோன்றும். செவிக்கோ ஒலிக்கும் பொருளே உண்டு. ஒலியாத சுவரும் தூணும், தட்டினாலன்றி, எளிதிற் புலனாவதில்லை. ஆகலின், களத்தை ஒலியால் சமைப்போன் ஒவ்வொரு பொருளையும் ஏதேனும் ஒரு முறையில் ஒலிக்கச் செய்தல் வேண்டும். எல்லாம் ஒருங்கே ஒலித்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தால் ஆட்டத்தின் விரைவு கெடும்.

மற்றோர் இடர் செவியின் அமைப்பிலேயே உளது. வலத்தினின்று வரும் ஒலி வலச்செவியை முன்னரும் இடச்செவியைப் பின்னரும் சேர்கிறது. அவ்விடைவெளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. எனினும் மூளை அதனைக் கணித்துத் திசை அறிகிறது. முன்னும் பின்னும் நேராக வரும் ஒலிகளுக்கு இவ்வேறுபாடு இல்லை. அவற்றைப் பிரித்தறியச் செவிமடலின் வளைவுகளும் தலையைத் திருப்பும் வழக்கமுமே துணையாவன. செவிமடலோ ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவானதொரு செவியை அளவாகக் கொண்டு அமைத்த ஒலியை ஹெட்போன் வழியே கேட்கும்போது, தலையைத் திருப்பினாலும் அவ்வொலி உடன் திரும்பிவிடுகிறது. முன்னின்ற பகைவனைப் பின்னின்றவனாக ஆடுவோர் மயங்குவது இதனாலேயே. இம்மயக்கத்தை ஆடுவோரின் பிழையென்று கொண்டு அவரைத் தோற்கச் செய்யும் விளையாட்டு நேர்மையற்றது.

களத்தின் இடரை ஒவ்வொருவரும் வெவ்வேறு வழியால் கடக்க முயன்றுள்ளனர். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை நோக்கியே அவற்றை மதிப்பிடுதல் வேண்டும்.

1997ஆம் ஆண்டில் சப்பானில் வார்ப் என்னும் நிறுவனம் சேகா சேட்டர்ன் என்ற விளையாட்டுப் பொறிக்கென ‘ரியல் சவுண்ட்: கஸே நோ ரிக்ரெட்’ என்பதனை வெளியிட்டது. அதனை ஆக்கிய கென்ஜி எனோ (2013இல் மறைந்தார்) தம் விளையாட்டுகளைப் பார்வையற்றோரும் அரிதின் முயன்று ஆடிவருவதை அவர்தம் மடல்களால் அறிந்தார். அவர்களை நேரிற் சென்று கண்டார். பார்வையுடையோரும் அற்றோரும் ஒப்ப ஆடத்தக்க ஒன்றைப் படைக்கத் துணிந்தார். சேகா நிறுவனம் பார்வையற்றோர்க்கு 1,000 பொறிகள் வழங்கவேண்டும், தாம் 1,000 படிகள் வழங்குவதாக அவர் உடன்பாடு செய்துகொண்டார். உறையினுள் பிரெயில் எழுத்தில் விளக்கக் குறிப்பும் வைக்கப்பெற்றது. திரையில் ஒன்றும் தோன்றாது. யூஜி சகமோட்டோ எழுதிய காதற்கதை பேச்சும் இசையுமாக ஓடும். கதை கிளைக்கும் இடத்தில் மணியோசை எழும். ஆடுவோர் ஒரு வழியைத் தெரிதல் வேண்டும். நோக்கத்தின் உயர்வு ஐயத்திற்கு இடமற்றது. எனினும் எனோ களத்தின் இடரை வென்றார் என்பதினும் விலக்கினார் என்பதே பொருந்தும். ஆடுவோர் களத்தினுள் ஓரடியும் எடுத்துவைப்பதில்லை. வானொலி நாடகம் கேட்பார் போலப் புறத்தே இருந்து, இடையிடையே விடை மட்டும் கூறுகின்றனர். 1999இல் ட்ரீம்காஸ்ட் பொறிக்கென மீண்டும் வெளியிட்டபோது படங்களைக் காட்டும் வழியும் சேர்க்கப்பட்டது. ஒலி மட்டுமே போதும் என்ற துணிவு ஈராண்டில் தளர்ந்ததோ என எண்ண இடமுண்டு.

2010இல் இலண்டனிலிருந்து ஐஃபோனுக்கென வெளிவந்த ‘பப்பா சாங்ரே’ ஆடுவோரைக் களத்தினுள் நேரே நிறுத்துகிறது. இறந்தோர் உலகில் ஓர் இருண்ட மாளிகை. திரையின் கீழ்ப்பகுதியில் இடமும் வலமுமாக இரு விரல்களால் மாறி மாறித் தட்டினால் நடை நிகழும். மேற்பகுதியில் விரலை இழுத்தால் உடல் திரும்பும். விரைந்து தட்டினால் கால் இடறும்; எலும்பை மிதித்தால் உறங்கும் கொடுவிலங்கு விழிக்கும். இதில் அடியோசை மூன்று தொழில் செய்கிறது. நடந்ததை அறிவிக்கிறது, நிலத்தின் தன்மையை அறிவிக்கிறது, பகைவனுக்கு நம்மையும் காட்டிக்கொடுக்கிறது. குறிப்பொலி வேறு, இயற்கையொலி வேறு என்னாது ஓரொலியே இரண்டுமாக நிற்பதை இக்கலையின் உயர்ந்த நிலையாக யாம் கொள்கிறோம். பொருளின் தன்மையோடு இயையாத மணியையும் ஊதலையும் அடுக்குவது எவர்க்கும் எளிது.

இவ்விளையாட்டை யாம் புகழ்ந்தபோது எம் மாணவர் ஒருவர், பிறவியிலேயே பார்வையற்றவர், கூறியது இன்றும் நினைவில் உளது. “ஐயா, இதில் இருட்டு இருட்டு என்று அச்சுறுத்துகிறார்களே, அது தங்களுக்காகச் சொல்லப்பட்டது. எனக்கு இருட்டு என ஒன்று இல்லை. அந்த விலங்கின் மூச்சுக்குத்தான் அஞ்சினேன்” என்றார். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த எமக்கு நாணம் உண்டாயிற்று. இதன் கேட்போர் யார் என்னும் வினாவை யாம் எழுப்பவே இல்லை. காண்போன் கண்ணை மூடிக்கொள்ளும் நிலையும் காணாதவனின் நிலையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை, ஆக்குவோர்க்கேயன்றி ஆராய்வோர்க்கும் உரியதே.

பிரான்சு நாட்டு லியோன் நகரின் டோவினோ நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ பார்வையற்ற வீரன் ஒருவனையே தலைவனாக்கியது. சிறைப்பட்ட மனைவியை மீட்கச் செல்லும் எட்வர்டு பிளேக்கை அவன் மகள் லூயீசு குரல் கொடுத்து வழிநடத்துகிறாள். குரல் வரும் திசையே செல்லும் திசை. ஆகலின் முன்பின் மயக்கம் பெரிதும் நீங்குகிறது. மகளின் அன்பும் அச்சமும் அக்குரலிலேயே புலப்படுவதால் வழிகாட்டலும் மெய்ப்பாடும் ஒன்றிவிடுகின்றன. இஃது அழகிய உத்தி. ஆயினும் அதன் விலை பெரிது. வாளேந்தும் வீரன் வழியறியும் திறனை முற்றும் சிறுமியிடம் ஒப்படைத்துவிடுகிறான். போரில் அவன் தலைவன். நடையில் அவன் பின்தொடர்வோன். பிறர் கைப்பற்றி நடத்தலே பார்வையற்றோர் நிலை என்னும் பழைய எண்ணம் உத்தியின் வழியே கதைக்குள் புகுந்துவிடுகிறது.

நாட்டி டாக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2’ வேறு வகையைச் சார்ந்தது. பார்வையுடையோர்க்கென அமைந்த பெரும்படைப்பு அது. எனினும் 60க்கு மேற்பட்ட துணையமைப்புகளையும், ஒவ்வொரு குறிப்பொலியையும் தனித்தனியே கேட்டுப் பொருளறிதற்கு ஒலி அகராதி போன்றதொரு பட்டியலையும் உடையது. இதனை மூலத்திற்கு எழுந்த உரை எனலாம். காட்சியே மூலம், ஒலி அதன் உரை. நல்லுரை பெற்ற நூல் வாழும் என்பதை நாம் அறிவோம். எல்லாரும் பேசும் ஒரு விளையாட்டை எல்லாருடனும் ஆடுதல் பார்வையற்றோர்க்குப் பெரும்பேறு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், இத்தகைய உரைகள் பெருகினால் ஒலியையே மூலமாகக் கொண்ட படைப்புகள் வேண்டா என்பாரோடு யாம் உடன்படோம். உரை எத்துணைச் சிறப்பினதாயினும் மூலத்தின் வழியன்றி நடவாது.

ஒலியே மூலமாகிய படைப்புகளுள் யாம் முதன்மை தருவது 2021இல் கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் வெளியிட்ட ‘தி வேல்: ஷேடோ ஆஃப் தி கிரவுன்’ என்பதற்கே. தலைவி அலெக்சாண்டிரா அரசகுலத்தவள், பார்வையற்றவள், நாட்டெல்லையில் படையெடுப்பிற் சிக்கித் தன் இருப்பிடத்திற்கு மீளும் வழி தேடுகிறாள். ஆயன் ஒருவன் துணை வருகிறான்; எனினும் வாள் வீசுவதும் கேடயம் ஏந்துவதும் செவியால் அறிந்து அவளே செய்வன. இளமையிற் பெற்ற போர்ப்பயிற்சி நினைவுகளாக இடையே வருகிறது. அந்நினைவுகளே ஆடுவோர்க்கும் பயிற்சியாகின்றன. போரில் அடி விழும் திசைகள் முன், இடம், வலம் என மூன்றே. முன்பின் மயக்கத்தை அறிந்து பின்திசையை அடியோடு நீக்கியிருக்கிறார்கள். களம் சுருங்கியது உண்மையே. ஆயின் சுருங்கிய களம் முழுதும் ஆடுவோர் ஆட்சியில் உளது. எனோ விலக்கியதையும் டோவினோ பிறரிடம் ஒப்படைத்ததையும் இது தலைவியின் செவிக்கே மீட்டுத் தருகிறது.

குறையும் இல்லாமலில்லை. பகைவர் பலராயினும் அடி பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே விழுகிறது. ஒலிகள் ஒன்றையொன்று மறைக்காமைப் பொருட்டு அவ்வாறு அமைத்தனர் போலும். முன்னர்க் குறித்த மாணவரே இதனை ஆடிமுடித்து, பகைவர் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி நகைத்தார். பின்னர், முதற்போரை மீண்டும் ஒருமுறை ஆடவேண்டும் எனக் கூறி, எம் ஹெட்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.